ஊரெல்லாம் பிரமாதம்

என் வீட்டுக்காரருக்கு வாய் இருப்பதே அவர் வேலை பார்க்கும் துணிக்கடைக்குப் போனால்தான் தெரியும். வீட்டில் அது சாப்பிடுவதற்கும் கொட்டாவி விடுவதற்கும் மட்டும். கடையில் சட்டைத்துணிப் பிரிவில் மீட்டர் கோலைக் கையில் பிடித்து நின்றார் என்றால் ஆளே வேறு. வந்தவரை உட்கார வைத்து, ஒரு துணியை உதறி விரித்து அதைப் பற்றிப் பேசுகிற பேச்சு இருக்கிறதே, பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட எந்தத் தகப்பனும் அப்படிப் பேசியிருக்கமாட்டான். “சும்மா கையை வெச்சுப் பாருங்க சார். எடை தெரியுதா? இது துணி இல்ல சார், மரியாதை!” மதியச் சாப்பாடு கொடுக்கப் போன ஒருநாள் இதை என் காதாலேயே கேட்டேன். இந்த மனுஷனா நம் வீட்டில் குடியிருக்கிறார் என்று கையில் டிபன் கேரியரோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அந்த டிபன் கேரியரின் கதையைச் சொல்லவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நான் சமைத்து அனுப்புவதும், அது கழுவிவைத்த மாதிரி காலியாகத் திரும்பி வருவதும் நடக்கிறது. நன்றாக இருந்தது, நன்றாக இல்லை, உப்பு ஜாஸ்தி, காரம் கம்மி, ஒரு பேச்சு கிடையாது. வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் அதேதான். தலையைக் குனிந்தால் குனிந்ததுதான். இன்னும் வேண்டும் என்றால் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளுவார். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “ம்” என்பார். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டிருக்கிறேன். அதற்கும் “ம்” தான்.

அக்கம்பக்கத்தில் என் கையை மெச்சுவார்கள். ஆனால் சும்மா வருகிற கிண்ணத்தை யார் குறை சொல்லப்போகிறார்கள்? மகனைக் கேட்டால் “ஓகேம்மா” என்பான். அவன் பல் தேய்க்கிற பேஸ்ட்டுக்கும் அதே ஓகேதான். ஆக, என் சமையலை அதிகமாகச் சாப்பிட்ட ஒரே ஜீவன் வாயைத் திறக்காத ஜீவனாக வாய்த்தது என் ஜாதகம்.

இத்தனை நாள் இதை ஒரு குறையாக வைத்திருந்தேனே தவிர பெரிதுபடுத்தவில்லை. போன வருஷம்தான் பெரிதானது. எங்கள் தெருமுனையில் ஒரு அலுவலகம் இருக்கிறது. நாலு மாடி, உள்ளே ஏகப்பட்ட பேர். அங்கே கேன்டீன் நடத்தியவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கள் மேல்வீட்டில் குடியிருக்கும் மேனேஜரம்மாவுக்கு அந்த அலுவலகத்தில்தான் வேலை. ஒருநாள் என் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவின கையோடு கேட்டுவிட்டார்.

“அக்கா, பேசாம நீங்க எடுத்து நடத்துங்க. அடுப்பு இருக்கு, பாத்திரம் இருக்கு, உதவிக்கு ரெண்டு பேர் இருக்காங்க. சமைக்கத்தான் ஆள் இல்ல.”

எனக்கு ஆசையோ ஆசை. கனவில்கூடக் கரண்டியோடுதான் நடமாடினேன். ஆனால் பயம் ஒரு பக்கம் பிடுங்கியது. ஒரு வீட்டுக்குச் சமைப்பது வேறு, ஒரு அலுவலகமே தட்டை வைத்துக்கொண்டு முகம் சுளித்தால் அந்தத் தெருவில் நான் எப்படி நடப்பது? வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது.

“என் சமையல் கடை வைக்கிற அளவுக்கு இருக்கா, இல்லையா? உள்ளதைச் சொல்லுங்க. நான் முடிவு பண்ணிக்கறேன்.”

“உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்.”

“எனக்குத் தோணறது இருக்கட்டும். சமையல் எப்படி?”

“ம்.”

அந்தத் தட்டைத் தூக்கி வீசாமல் இருந்ததற்கு எனக்கு யாராவது மாலை போடவேண்டும்.

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டுப் பயணம் வந்தது. ஒரு மில்லில் சட்டைத்துணி ஒன்று நெய்து எல்லா ஊருக்கும் அனுப்பியிருந்தார்கள். பச்சையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல், காய்ச்சல்காரன் நாக்கு மாதிரி ஒரு நிறம். எந்தக் கடையிலும் அது அலமாரியை விட்டு இறங்கவில்லை. இவர் மட்டும் பேசிப் பேசியே மொத்தத்தையும் தள்ளிவிட்டார். எங்கள் ஊரில் பாதி ஆண்கள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு காமாலை வந்தவர்கள் போலத் திரிந்தார்கள். மில்காரர்கள் பூரித்துப்போய், மனைவியோடு போய்வாருங்கள் என்று ஒரு குழுச் சுற்றுலாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். மேனேஜரம்மா வாசல்வரை வந்து வழியனுப்பினார். “திரும்பி வர்றதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்கக்கா. அதுக்கு மேல என்னால தாக்குப்பிடிக்க முடியாது. வேற ஆள் பார்த்துடுவேன்” என்றார்.

நாங்கள் போய் இறங்கிய ஊரில் எல்லாமே எனக்கு அதிசயம்தான். டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு வீட்டுச் சுவரை உரசுகிற மாதிரி போனது. ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. எங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றியது எங்கள் பாஷை பேசுகிற ஒரு பெண்மணி. அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு இருந்துவிட்டவர். கூட்டத்தில் தொலையாமல் இருக்க ஒரு சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்ததால் எங்கள் குழு அவருக்குக் குடையம்மா என்று பெயர் வைத்துவிட்டது.

“இன்னைக்குப் பூரா நடைதான். காட்டறதைப் பாருங்க, குடுக்கறதைச் சாப்பிடுங்க. அது என்னன்னு மட்டும் முழுங்கின பிறகு கேளுங்க” என்றார் குடையம்மா.

மணிக்கூண்டைப் பார்த்துவிட்டு அதன் பின்னாலிருந்த சந்தைக்குப் போனோம். முதல் கடையில் ஒரு அம்மாள் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தார். எதிரில் தட்டுத் தட்டாகச் சாம்பல் நிறக் கட்டிகள். கையில் கொடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது. மேலே ஊதா நிறத்தில் ஏதோ ஒரு புளிப்புத் தண்ணீரை ஊற்றினார். வாயில் போட்டேன். குளிர்ந்த சோப்பைக் கடித்த மாதிரி இருந்தது. கடிபடாமல் இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் ஓடி என்னிடம் கண்ணாமூச்சி ஆடியது. துப்புவதற்குத் தூண் மறைவு ஏதாவது கிடைக்குமா என்று நான் கண்ணால் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

“பிரமாதம்!”

திரும்பிப் பார்த்தால், என் வீட்டுக்காரர்!

“ஆஹா! என்ன ஒரு மென்மை! கையில வெச்சுப் பாருங்க சார், எப்படி விழுது பாருங்க! இந்தப் பதம் எங்க தேடினாலும் கிடைக்காது!”

பாஷை தெரியாத அந்த அம்மாளுக்கே புரிந்துவிட்டது. முகம் பூவாக மலர்ந்து இவருக்கு இன்னொரு கட்டி கொடுத்தார். அதையும் சாப்பிட்டு இன்னொரு பிரமாதம் போட்டார். எங்கள் குழு முழுவதும் முண்டியடித்துக்கொண்டு வாங்கியது. கழுத்தில் பெரிய கேமராவோடு வந்திருந்த ஒரு மாமா அவசரப்பட்டு இரண்டு வாங்கிவிட்டு, மணிக்கூண்டைப் படம் எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கமாகப் போய்த் துப்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

சோப்பு என் வாயிலிருந்து போய்விட்டது. பிரமாதம் போகவில்லை. எனக்குக் காதில் புகை வராத குறைதான். நான் பிறந்து வளர்ந்து, வாக்கப்பட்டு, கையைச் சுட்டுக்கொண்டு, கண்ணெரியச் சமைத்துக் கொட்டினதுக்கு ஒரு “ம்”. முன்பின் தெரியாத ஒருத்தியின் ஆடுகிற சோப்புக்கு ரெண்டு பிரமாதமா?

இரண்டாவது கடையில் கறுப்பாக ஒரு சூப். மரப்பட்டையை ஊறவைத்து அதில் பழைய செருப்பை ஒரு முக்கு முக்கி எடுத்த ருசி. இவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, “அடேங்கப்பா! என்ன கெட்டி! துவைச்சாலும் சாயம் போகாது!” என்றார். மூன்றாவது கடையில் சின்னச் சின்னச் சிவப்புக் காய். கடித்ததும் உதடு மரத்துப்போய், பேசினால் எல்லாருக்கும் எச்சில் வழிந்தது. இவர் வழிகிற வாயோடு “ஃபிரமாதம்” என்றார். கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் மட்டும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க நடந்தேன்.

நாலாவது கடையில் மண் கோப்பையில் நுரை பொங்க ஒரு பானம் கொடுத்தார்கள். ஈர மரப்பலகை வாசம். இருந்த கோபத்தில் மடமடவென்று குடித்தேன். நாக்கில் சுர்ரென்றது, காதில் குறுகுறுத்தது. பிடித்துவிட்டது. இன்னொன்று வாங்கிக் குடித்தேன். மூன்றாவதற்குக் கையை நீட்டியபோது குடையம்மா ஓடிவந்தார்.

“மெதுவாக்கா! அது புளிக்க வெச்சது. லேசாத் தூக்கும்!”

“தூக்கட்டும். என்னை இறக்கி விடத்தான் இங்க ஆள் இருக்கே” என்று நான் சொன்னது எனக்கே நல்ல நகைச்சுவையாகத் தோன்ற, சிரிக்க ஆரம்பித்தேன். ஆரம்பித்ததை நிறுத்தத் தெரியவில்லை. போஸ்ட் பெட்டி குட்டையாக இருந்தது, சிரித்தேன். ஒரு நாய் சட்டை போட்டிருந்தது, அதுவும் அந்தக் காய்ச்சல் நாக்கு நிறத்தில்! இவரைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். “ஏங்க, உங்க கஸ்டமர் இங்கயும் இருக்கார்!” என்று கத்தினேன். அவரும் சிரித்துவிட்டார். விக்கல் வருகிற அளவுக்குச் சிரித்தார். மணிக்கூண்டின் குறுகலான படிகளில் என் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார். உச்சியில் காற்று என்னைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. ஊர் முழுக்க ஓட்டுக் கூரைகளாகத் தெரிய, நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த ஊருக்கே கேட்கிறமாதிரி, “கையை வெச்சுப் பாருங்க சார்! சுருங்கவே சுருங்காது! பிரமாதம்!” என்று கூவினேன். கேமரா மாமா கை தட்டினார். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு மானம் கெட்டு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு விட்டிருக்கலாம். நுரைத்தண்ணி விடவில்லை. கீழே ஆற்றுப் பாலத்தில் காற்று வாங்க உட்கார்ந்தபோது மனதில் இருந்ததெல்லாம் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

“சோப்புக்கட்டி பிரமாதம். செருப்புத் தண்ணி பிரமாதம். வாய் கோணிப்போன காய் பிரமாதம். நான் போடற சோறு மட்டும் என்னங்க பாவம் பண்ணுச்சு?”

அவர் என்னைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். “உன் சமையலுக்கு என்ன?”

“அதைத்தான் நான் கேக்கறேன். என்னன்னு சொல்லுங்க!”

யோசித்தார். மனுஷர் நிஜமாகவே முயற்சி செய்தார், நெற்றியெல்லாம் சுருங்கியது. கடைசியில், “என்ன சொல்றது? சாப்பிடறேனே” என்றார்.

அவ்வளவுதான். எனக்கு ஏறியிருந்ததெல்லாம் சட்டென்று இறங்கிவிட்டது. பிடிக்காததைக்கூட வாய் நிறையப் புகழ்கிற மனுஷனுக்கு என் சமையலைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை என்றால், அங்கே சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? ராத்திரி அறைக்குப் போனதும் மேனேஜரம்மாவுக்குப் போன் போட்டு, என்னால் ஆகாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட முடிவு செய்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கேட்டால் காற்றில் கண் கலங்குகிறது என்று சொல்லலாம் என்றிருந்தேன், அவர் கேட்கவும் இல்லை.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குடையம்மாவின் குடை ஒருத்தருக்கே போதவில்லை. எல்லாரும் தலையில் பையை வைத்துக்கொண்டு ஓடி, ஒரு சந்துக்குள் இருந்த சின்னக் கடைக்குள் புகுந்தோம். இது எங்கள் பயணத் திட்டத்தில் இல்லாத கடை. நாலு பெஞ்சு, புகை படிந்த சுவர், சூடான கல். கல்லுக்குப் பின்னால் ஒரு பெரியவர், தோளில் துண்டு. வாய் பேசாமல் மாவை மெல்லிசாகத் தட்டிக் கல்லில் போட்டு, உள்ளே எதையோ வைத்து மடித்து, ஓரம் மொறுமொறுவென்று ஆனதும் எடுத்துத் தட்டில் வைத்தார். பக்கத்தில் ஒரு கரண்டி பச்சை நிறத் துவையல். சந்து முழுக்க வாசம்.

நான் ஒரு வாய் வைத்தேன். வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் பஞ்சாகவும் இருந்தது, உள்ளே இருந்தது கரைந்தே போய்விட்டது. அந்தத் துவையலில் ஒரு காரம், முதலில் ஒளிந்திருந்து பிறகு மெல்ல எட்டிப்பார்க்கிற காரம். அன்று காலையிலிருந்து சாப்பிட்டதற்கெல்லாம் அது பிராயச்சித்தம். இதற்கு இவர் என்ன கூத்து அடிக்கப்போகிறாரோ, மில்காரர்கள் அடுத்த டிக்கெட்டே எடுத்துக் கொடுத்துவிடுவார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

தலையைக் குனிந்திருந்தார்.

ஒரு சத்தம் இல்லை. இடது கையை மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்க்காமல், ஒரே சீராகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். பெரியவர் இன்னொன்று போட்டார். மறுபடி தலை குனிந்தது. எனக்கு மெல்வது நின்றுபோனது. இந்தக் காட்சியை நான் தினமும் என் வீட்டில் பார்க்கிறேன்.

பெரியவர் கல்லைத் துடைத்துக்கொண்டே குடையம்மாவிடம் ஏதோ கேட்டார். குடையம்மா சொன்னார். “சார், எப்படி இருக்குன்னு கேக்கறார். நீங்கதான் எல்லாக் கடையிலயும் பிரமாதம் போட்டீங்களே, இங்கயும் ஒண்ணு போடுங்க.”

“ம்” என்றார் இவர்.

பெரியவரின் முகம் வாடிவிட்டது. அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏங்க, அவர் கேக்கறாரு. வாயைத் திறந்து சொன்னா என்ன?”

“இதுக்குப் போய் என்ன சொல்றது?” என்று அவர் நிமிர்ந்து பார்த்தார், தூக்கத்திலிருந்து எழுப்பின மாதிரி. “சரக்கே பேசுது. நடுவுல நான் எதுக்கு?”

“காலையில அந்தப் பேச்சுப் பேசினீங்களே!”

“அது ஓடாத சரக்கு. பாவம் அந்தம்மா, ஒருத்தர்கூட வாங்காம நின்னுட்டிருந்தாங்க. வாயில வைக்க முடியல. அதுக்கு நாமதானே வாய் குடுத்துத் தள்ளி விடணும்? நல்ல துணியைக் காட்டும்போது பேசவே கூடாது. விரிச்சுப் போட்டுட்டுத் தள்ளி நிக்கணும். பேசினோம்னா, இதுல ஏதோ கோளாறு இருக்குன்னு வந்தவன் எழுந்து போயிடுவான். எங்க கடையில இது எல்லாருக்கும் தெரியும்.”

சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அவரைப் பொறுத்தவரை பேச்சு முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் இது யாருக்கும் தெரியாதே, மகாராசா! எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து விட்டேன். தொண்டையில் காரம் ஏறிவிட்டது என்று நினைத்து அவர் தண்ணீரை நகர்த்தினார். நான் குடையம்மாவைப் பிடித்து, “அந்தப் பெரியவர்கிட்ட சொல்லுங்கம்மா, இவர் பேசாம சாப்பிட்டா அதுக்கு மேல பட்டமே கிடையாதுன்னு. நான் சொன்னேன்னு சொல்லுங்க. இவர் சம்சாரம் சொன்னதுன்னு சொல்லுங்க!” என்றேன். குடையம்மா அதை என்ன பாஷையில் எப்படிச் சொன்னாரோ, பெரியவர் இவரைப் பார்த்தார், காலித் தட்டைப் பார்த்தார், பிறகு கல்லைத் தட்டிக்கொண்டு சிரித்தார். இவர் கேட்காமலே மூன்றாவது வந்தது.

ராத்திரி அறைக்குப் போகிறவரை பொறுக்க முடியவில்லை. கடை வாசலில் மழைச் சாரலில் நின்றுகொண்டே மேனேஜரம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே எந்த நேரமோ, தூக்கக் கலக்கத்தில் எடுத்தார்.

“அக்கா? என்னாச்சு? எங்க இருக்கீங்க?”

“அடுப்பைத் துடைச்சு வைக்கச் சொல்லுங்க. நான் வர்றேன்!”

வந்தேன். ஊர் திரும்பிய அடுத்த வாரமே கேன்டீனைத் திறந்துவிட்டோம். முதல் நாள் நான் அடுப்புக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். பெரிய அண்டாவில் குழம்பு கொதிக்க, வெளியே தட்டோடு வரிசை நீண்டுகொண்டே போனது. வரிசையின் முதல் ஆளாக மேனேஜரம்மா. இவர் கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, புதுச் சட்டையோடு வந்திருந்தார். முதல் தட்டை அவரிடம்தான் கொடுத்தேன். எல்லாரும் பார்க்க ஒரு வாய் வைத்தார். மென்றார். தலை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், கடையில் துணியை உதறி விரிக்கிற மாதிரி கையை விரித்தார்.

“பிரமாதம்! அடடா, என்ன ஒரு பதம்! சும்மா ஒரு வாய் வெச்சுப் பாருங்க சார்!”

எனக்குப் பகீரென்றது. ஓடிப்போய்க் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தேன். பதற்றத்தில் உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறேன், கடல்தண்ணியாக இருந்தது. அடுப்பை அணைத்து, உதவிக்கு இருந்த இரண்டு பேரையும் அண்டாவின் இரண்டு காதையும் பிடிக்கச் சொன்னேன்.

மேனேஜரம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தார். “அக்கா, என்ன பண்றீங்க? எதுக்குக் கொட்டறீங்க? சாரே பிரமாதம்னு சொல்லிட்டாரே!”

“அதனாலதாங்க கொட்டறேன்” என்றேன்.